சாச்சி நிறுத்திவைத்த படம்

படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது சாச்சி எழுந்துபோய் வீடியோ டெக்கை நிறுத்திவிடுவார். எப்போது பார்த்தாலும் அதே இடத்தில்தான். கதாநாயகி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் கேற்றைத் திறப்பாள். சாச்சியின் விரல் பொத்தானில் இருக்கும். “இனி ஒண்டுமில்ல, எழும்புங்க புள்ளைகள்” என்பார். நாங்களும் ஒன்றுமில்லை என்று நம்பி எழும்பிவிடுவோம். சாச்சி என்றால் என் உம்மாவின் ஒரே தங்கை. சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட அவரது வீடு, பிரதான வீதிக்குக் கிட்ட எங்கள் வீடு. டெக் எங்களிடம்தான் இருந்தது. அந்தப் படத்தின் கசட்டைக் கல்முனையில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துவந்து, நாளைக்கு நாளைக்கு என்று சாச்சி இழுத்தடித்ததில், கடைசியில் கடைக்காரரே கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு முன்கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பெண்கள் மட்டும் இருந்து பார்ப்போம். வேறு படங்களும் வந்துபோயின. அடிதடிப் படங்கள், அழுகைப் படங்கள். அவற்றைச் சாச்சி அரிசி கொழித்துக்கொண்டே பார்ப்பார். இந்தப் படத்துக்கு மட்டும் அவர் கை இரண்டும் சும்மா இருக்கும்.

இந்தியாவில் எடுத்த படம். பெரிய நகரமொன்றின் விளிம்பில் புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றில் கதை நடக்கும். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், வீட்டுக்கு வீடு ஒரு கேற், கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு செவ்வரத்தைப் பூச்செடி. காலையில் ஆண்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ்ஸுக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், பிறகு தெரு வெறுமையாகிவிடும். கதாநாயகி கேற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நெடுநேரம் நிற்பாள். ஒன்றும் நடக்காது. எங்களுக்கு அந்த இடம் வந்தால் கொட்டாவி வரும். சாச்சி மட்டும் முன்னால் நகர்ந்து உட்காருவார். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பார்த்தியா மகள், இவ்வளவு நேரமா நிக்காள், அவள ஒருத்தரும் கூப்பிடல்ல.”

அவர் சொன்னதன் பொருள் எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமில்லாமலே புரியும். எங்களிடம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளைகள் கூடக்கூட வீட்டு நிலமான வளவு துண்டாகும். துண்டு வளவில் வீடு எழும்பும். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு ஆள் சரிந்து போகத்தான் இடம் மிஞ்சும். ஒரு வீட்டில் தாளிப்பது நாலு வீட்டில் தும்மலாகக் கேட்கும். சாச்சியை அந்த நாலு வீட்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். உப்புக் கேட்பார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், நேற்று ராத்திரி என்ன சத்தம் என்று விசாரிப்பார்கள். இதைத்தான் இப்போது சிலர் கூடி வாழ்ந்த காலம் என்று கண் கலங்கி எழுதுகிறார்கள். எழுதட்டும். எழுதுகிற ஆண்களில் ஒருவராவது அந்த இடைவெளியில் சரிந்து நின்று உடுப்புக் காயப்போட்டதில்லை. தனியே ஐந்து நிமிடம் நிற்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சினிமாவில்தான் இடம் கிடைத்தது என்றால், குறை சினிமாவில் இல்லை.

பிறகு கடல் வந்தது. சாச்சியின் வீடு அத்திவாரத்தோடு போனது. அவர் கணவர் சாச்சாவும் மகளும் அவரும் உயிரோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்; ஓர் அறையில் வருடக்கணக்கில் இருந்தார்கள். சாச்சா கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போனார். நான் கொழும்பில் படிக்கப் போனேன். அங்கே தங்கியிருந்த வீட்டில் ஒரு மத்தியானம் தொலைக்காட்சியில் அதே படம் ஓடியது. அன்றைக்குத்தான் அதன் கடைசிக் கால் மணி நேரத்தைப் பார்த்தேன். கதாநாயகி அந்தக் குடியிருப்பைத் திரும்பியும் பார்க்காமல் நகரத்துக்கு ஓடுகிறாள். ஓடும் பஸ்ஸில் இருந்து சிரிக்கிறாள். அந்த வீடுகள் சிறைக்கூடம், அந்த வெறுந்தெரு சாவு, இதுதான் படம் சொல்ல வந்தது. சாச்சி ஆசைப்பட்ட அத்தனையையும் வெறுக்கச் சொல்லி எடுத்த படம்.

லீவில் வந்தபோது பக்குவமாகச் சொன்னேன். மனம் உடைந்துவிடுவார் என்று பயம். சாச்சி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “எனக்கு முதல் நாளே தெரியும்” என்றார். “அவளுக்குப் பிடிக்கல்ல, போறாள். எனக்குப் பிடிச்சிரிக்கி. படம் எடுத்த மனிசனக் கேட்டா நான் ஆசப்படணும்?” எத்தனையோ பேர் சினிமா பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் ஒருவரும் சொன்னதில்லை.

கடலில் வீடு போனவர்களுக்கென்று ஊருக்கு மேற்கே, வயலுக்குள் மண் கொட்டி நிரப்பி ஒரு வீட்டுத்திட்டம் எழும்பியது. ஒரே அளவு வீடுகள், நேர்கோட்டில் தெருக்கள், வீட்டுக்கு வீடு ஒரு கேற். சாவி கிடைத்தவர்களில் அரைவாசிப் பேர் பூட்டிவிட்டு ஊருக்குள் திரும்பி வந்தார்கள். பாம்பு வரும், யானை வரும், ஒரு சாவு விழுந்தால் மையித்தைத் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள் என்றார்கள். சாச்சி போனார். தட்டுமுட்டுச் சாமான்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போனார். உதவிக்கு நான் போய் ஓர் இரவு தங்கினேன். காலையில் எழும்பிப் பார்த்தால் சாச்சியைக் காணவில்லை. வெளியே வந்தேன். கேற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு காகம்கூட இல்லை. வயலில் இருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. நானும் கூப்பிடவில்லை.

அங்கே அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்து ஊர் சிரித்தது. செவ்வரத்தை நட்டார், சிரித்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு சிமெந்துக் கட்டுப் போட்டு, அதில் உட்கார்ந்து பின்னேரம் தேத்தண்ணீர் குடித்தார், அதற்கும் சிரித்தது. படம் பார்த்துப் பைத்தியம் பிடித்தவள் என்று என் உம்மாவே சொன்னார். படம் பார்த்துத் தலைமயிர் வெட்டிக்கொண்டவனை, படம் பார்த்துக் காற்சட்டை தைத்தவனை இந்த ஊர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. படம் பார்த்து ஒரு வீட்டையும் ஒரு தெருவையும் விரும்பியவள்தான் பைத்தியமாம்.

சிரிப்பு முடிந்து வினை தொடங்கியது சாச்சியின் மகளுக்குச் சம்பந்தம் வந்தபோது. நிந்தவூர் மாப்பிள்ளை, வங்கியில் வேலை. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தே மகளுக்குப் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் உம்மாவும் மாமாவும் வீடு பார்க்க வந்தார்கள். பேசியது மாமாதான். வீட்டில் குறையில்லை, இடம்தான் சரியில்லை, இதை விற்றுப்போட்டு ஊருக்குள் ஒரு துண்டு வாங்கிக் கட்டி, நிக்காஹுக்கு முதல் மகள் பெயருக்கு உறுதி எழுதிவிட வேண்டும் என்றார். “பின்னால ஒரு பத்தி இறக்கினா உம்மாக்காரி காணுமான அளவு இரிக்கலாம்” என்றும் சேர்த்துக்கொண்டார். சுவரோடு ஒட்டி இறக்கும் அந்தச் சாய்ப்பைக் கருணையாகத்தான் சொன்னார். என் மாமாமார், அதாவது சாச்சியின் அண்ணன்மாரான காக்காமார் இருவரும், தலையாட்டினார்கள்.

தலையாட்டியது பிழையென்று எவரும் நினைக்க மாட்டார்கள். அதுதான் வழக்கம். நான் கல்யாணம் முடித்தபோது வீட்டை என் பெயருக்கு எழுதினார்கள். அன்றிலிருந்து உம்மா சமைக்கும் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் இருப்பதுதான் வழக்கத்தின் கெட்டித்தனம். எங்கள் பெண்களுக்குத்தான் வீடு என்று வெளியூரார் புகழ்வார்கள். உண்மைதான், கல்யாணத்தில் வாங்கி மகளின் கல்யாணத்தில் கொடுக்கும்வரைக்கும் வீடு.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து சாச்சி வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். “மகளுக்கு ரெண்டு அறை குடுப்பன். மாப்பிள்ளைய என்ட மகன் மாதிரி வெச்சிக்குவன். ஆனா இந்த வீடு விக்கிறதுக்கு இல்ல. என்ட முன்னறையும் நான் குடுக்க மாட்டன்.” மாப்பிள்ளையின் மாமா தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் எழும்பச் சற்றுப் பிந்தினார். அதை அப்போது நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

காக்காமார் சாச்சியோடு கதையை நிறுத்தினார்கள். கல்யாணமாகாத குமரை வயலுக்குள் வைத்துக்கொண்டு படம் காட்டுகிறாள் என்று ஊர் கதைத்தது. உம்மா வந்து கெஞ்சினார், பிறகு ஏசினார். கட்டாரிலிருந்து சாச்சா, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அழுதார். மகள் பின்னறையில் அழுதாள். சாச்சிக்கு அது கேட்டது, எனக்கும் கேட்டது. நான் போய் அவளிடம் கேட்டேன், உம்மாவிடம் நான் கதைக்கட்டுமா என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “வாணாம். அவரும் வேணும் எனக்கு. ஆனா உம்மாவ பத்திக்குள்ள போட்டுட்டு வேணாம்.” சாச்சி அன்றிரவு சாப்பிடவில்லை. பிடிவாதக்காரர்களுக்கு வலிக்காது என்று நினைப்பவர்கள் பிடிவாதக்காரர் ஒருவரோடும் வாழ்ந்திராதவர்கள்.

அந்த மாப்பிள்ளைதான் இன்று அந்த வீட்டில் இருக்கிறார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கேற்றைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறார். இப்போது அந்தத் தெருவில் கடையிருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, பிள்ளைகளை ஏற்ற வான் வருகிறது. பூட்டிப்போட்டுப் போனவர்கள் பலர் திரும்பிவிட்டார்கள். திரும்பியவர்களில் சிலர், நாங்கள் அப்போதே சொன்னோமே என்கிறார்கள். சாச்சி அவர்களுக்கும் தேத்தண்ணீர் கொடுக்கிறார். சம்பந்தம் எப்படித் திரும்பி வந்தது என்பதை மட்டும் அவர் ஊருக்குச் சொன்னதில்லை. ஊர் இன்னமும் காக்காமார் போய்ச் சமாதானம் பேசினார்கள் என்றே நம்புகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

நோன்பு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு பின்னேரம் கேற்றடியில் ஓட்டோ ஒன்று நின்றது. மாப்பிள்ளையின் உம்மா தனியே இறங்கினார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வந்ததாகச் சொன்னார். பேரம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று சாச்சி முகத்தை இறுக்கிக்கொண்டார். அவர் பேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மகளுக்குரிய அறைகளை எட்டிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, மகள்ட கலியாணம் முடிஞ்சா நீங்க எங்க படுப்பீங்க?” என்றார். சாச்சி முன்னறைக் கதவைத் திறந்தார். தெருவைப் பார்த்த யன்னல், ஒரு கட்டில், தொழுகைப் பாய். “இஞ்சதான் ராத்தா. இப்பயும் இஞ்சதான், மறுகாவும் இஞ்சதான்.”

அந்த அம்மா கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்றார். இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்து, பின்வளவில் கட்டியதை இளையவளுக்குக் கொடுத்து, இப்போது இளையவளின் குசினி விறாந்தையில் படுப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், ஒரு குறையும் வைப்பதில்லை என்றும் சொன்னார். சாச்சி தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதை முழுவதும் குடித்து முடித்துவிட்டு, மகனிடம் தான் கதைப்பதாகவும் மற்ற ஆட்களை யோசிக்கவேண்டாம் என்றும் அந்த அம்மா சொன்னார். பிறகு எழும்பி, வாசலில் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, எதிர்ப்பக்கம் பார்த்துக் கேட்டார்:

“அந்த வீடு பூட்டிக் கிடக்கே தங்கச்சி, அது ஆர்ட?”