காலர் மிஷின் ஜைத்தூன்

ஆஷுலியா என்கிற ஆலைப்பேட்டையில் சட்டை தைக்கும் ஆலை ஒன்றில் காலர் மிஷினில் உட்கார்ந்தவள் ஜைத்தூன். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை.

மாதவிலக்கு நாட்களில் அந்த ஆலைப் பெண்களுக்குக் கைகொடுத்தது வெட்டும் மேசைக்கு அடியில் குவிகிற கழிவுத்துணிதான். சாயமும் எண்ணெயும் படிந்த துணி. அதைத் துவைத்தாலும் கொடியில் காயப்போட முடியாது. அவள் குடியிருந்த தகரக் கொட்டகை முழுக்க ஆண்களின் நடமாட்டம். கட்டிலுக்கு அடியில் விரித்து வைப்பாள். ஈரம் காய்வதற்குள் மறுபடி தேவைப்படும்.

அரிப்பில் தொடங்கி அடிவயிற்று வலியில் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரனிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொன்னாள். அவன் கொடுத்த மாத்திரை ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

கப்பலுக்குச் சரக்கு ஏறும் வாரம், லீவு கிடையாது. காய்ச்சலோடு போய்க் கழிவறைக்கு அனுமதி கேட்டாள்.

"காலையிலதானே போன? அடிக்கடி போக நீ என்ன புள்ளத்தாச்சியா?" என்றான் சூப்பர்வைசர் மொக்லேஸ். இஸ்திரி போடுகிற ஆட்கள் சிரித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

பக்கத்து மிஷின் குல்நாகார் ஓடிவந்து தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றினாள்.

"என்னடி நாடகம்?" என்று வந்தான் மொக்லேஸ்.

"ரத்தம்யா! பொம்பளைக்கு வர்ற ரத்தம்! உன் ஆலைக் கந்தலை வெச்சு வெச்சு உள்ளயே சீழ் புடிச்சுப் போச்சு!"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அன்று மாலையே குல்நாகாருக்கு வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துச் சீழை எடுத்தார்கள். "இனிமே குழந்தை தங்காதும்மா" என்றாள் டாக்டரம்மா.

"என்கிட்டகூட ஏன் சொல்லல?" என்றான் புருஷன் தோஃபாஸல்.

"சொன்னா காது குடுத்திருப்பியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அம்மா வேறு பெண் பார்க்கத் தொடங்கியபோதும் தடுக்கவில்லை. தையல் பிரிக்கும் முன்பே ஜைத்தூன் துணிமூட்டையோடு குல்நாகாரின் அறைக்குப் போய்விட்டாள். "ஒண்டிக்கோடி" என்று குல்நாகார் பாயில் தள்ளிப் படுத்தாள்.

உடம்பு தேறியதும் இருவரும் வேறொரு ஆலை வாசலில் போய் நின்றார்கள். ஆள் எடுக்கிறவன் ஜைத்தூனை ஏற இறங்கப் பார்த்தான்.

"கல்யாணம் ஆனவளா? புள்ள பெத்துக்கப் போறேன்னு லீவு கேப்பியே?"

"இனி அதுக்கு வழியில்லைங்க."

"அப்ப சரி. உள்ள வா."

உள்ளே நடந்தாள். குல்நாகார் பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.