இறுக்காத போல்ட்டில் போட்ட சிவப்புக் கோடு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று வருசத்துக்கு மேலாகிவிட்டது. கொப்பி வாங்கினேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன், அதோடு மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு எழுத்து வராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பயம். என் பிழையைச் சொன்னால் எங்கள் சனம் சோலாரையே பழிக்குமோ என்று பயந்தேன். வெளியூர்க்காரர்கள் எங்கள் கோயில் முறையைப் பழிப்பார்களோ என்றும் பயந்தேன். இரண்டிலும் பிழை இல்லை. பிழை என் கையில் இருந்தது. புதிதாகக் கூரையேறுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, கண்ணகி அம்மாளை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பெனர்

நான் பிறந்தது நாவற்குடா. கலியாணம் முடித்து, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மனைவியின் ஊரில் குடியேறினேன். இருபது வருசம் வீட்டு வயரிங் செய்தேன். பிறகு மட்டக்களப்பு டவுனில் சோலார் பூட்டும் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் காத்தான்குடி அன்சார் சேர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் அவர் ஒரு விசயம் சொன்னார். பூமி சூடாகிறது, கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று உலக நாட்டுத் தலைவர்கள் எல்லாம் கூடிக் கூடிப் பேசுகிறார்களாம். "அங்க பேசுறதெல்லாம் கடைசியா வந்து நிக்கிற இடம் உங்கட கையில இருக்கிற பதின்மூண்டாம் நம்பர் ஸ்பெனர்தான் அண்ணன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்ன சூடு எனக்குப் புதிதில்லை. மாமனாரின் வயல் வட்டையில் விதைக்கும் மாதத்தில் வராத மழை, வெட்டும் மாதத்தில் வந்து கதிரைச் சாய்த்துப்போட்டதை நானே இரண்டு போகம் பார்த்திருந்தேன். எங்கள் கிணறும் உவர் தட்டத் தொடங்கியிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. சோலார் பனலைக் கூரையோடு பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளை முதலில் கையால் முறுக்கி, நூல் பிடித்து வரிசை பார்ப்போம். பிறகு டோர்க் ரென்சால் அளவு வைத்து இறுக்குவோம். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு. கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். சேர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சுவிச் போடலாம்.

2. கதவு திறந்த நாள்

டீசலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருசம் அது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளிப் பரமேஸ்வரி அக்காவின் வீடு. அவருடைய கணவர் தங்கராசா அண்ணனுக்கு நெஞ்சு நோய். ஒட்சிசன் கொடுக்கும் மெசின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போன நேரங்களில் அக்கா பனையோலை விசிறியோடு பக்கத்தில் இருந்து அழுவதை ஒழுங்கையில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டில் இருந்த மகள் ஏற்பாடு செய்ய, பத்துப் பனலும் பற்றரியும் பூட்டப் போனோம்.

மாதம் வைகாசி. அன்று பின்னேரம் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறப்பு. எங்கள் ஊரில் கதவு திறந்தால், ஏழாம் நாள் அம்மாளின் சூட்டைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை உலக்கை போடமாட்டார்கள், ஆணி அடிக்கமாட்டார்கள், கூரையேறமாட்டார்கள். அம்மாள் சூட்டோடு ஊருக்குள் வந்து இருக்கிற நாட்கள். தலைக்கு மேலே நின்று தட்டி அவவைக் குழப்பக்கூடாது. நானும் கும்பிடுகிறவன், அதுவும் மாப்பிள்ளையாக வந்த ஊர்.

கூட வந்த இரண்டு பேரும் உள்ளே பற்றரி வேலையில் இருந்தார்கள். கூரையில் நான் மட்டும். மேல்வரிசை ஐந்து பனலையும் ரென்சால் இறுக்கிக் கோடு போட்டேன். கீழ்வரிசை ஐந்தும் கைமுறுக்கில் இருந்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது. மார்க்கர் கையில் இருக்கும்போதே கீழ்வரிசைக்கும் கோடு போட்டால் ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். இறுக்கத்தானே போகிறேன். கோடும் போட்டேன், போட்டோவும் எடுத்து அனுப்பினேன். ரென்சைத் திரும்பக் கையில் எடுக்கும்போது கோயிலில் கதவு திறப்புக்குப் பறை தொடங்கியது. கீழே இருந்து அக்கா இறங்கச் சொல்லிக் கூப்பிட்டார். இறங்கினேன்.

ஏணியின் கடைசிப் படியில் நிற்கும்போது சேரின் பதில் வந்தது. சரி அண்ணன், போடுங்க.

போட்டேன். மெசின் ஓடியது. தங்கராசா அண்ணன் மூக்கில் குழாயோடு, படுத்தபடியே எனக்குக் கை எடுத்துக் கும்பிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏழு நாள்தானே, குளிர்த்தி முடிந்த அடுத்த நாள் ஏறி இறுக்கிவிடலாம் என்று மனதைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

3. கச்சான்

மூன்றாம் நாள் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கே வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி வரும். வழக்கத்தைவிட அந்த வருசம் பலமாக இருந்தது. அன்றும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கம் போனேன். வாசல் படலைக்கு வெளியே நிற்கும்போதே கூரையில் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

அதைவிட மோசம், உள்ளே வெக்கை தாங்காமல் தங்கராசா அண்ணனின் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வாவி பார்த்த பக்கம், கூரை விளிம்புக்குக் கீழே. நேர் மேலே கீழ்வரிசை. ஒரு பனல் இருபது கிலோவுக்கு மேல்.

கட்டிலை உள்ளுக்கு எடுங்க என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளுக்குத்தான் வெக்கை, இங்கேதான் காற்று வருகிறது என்றார் அக்கா. அவர் கணவருக்கு அன்று பேச்சு நன்றாக வந்தது.

"என்னகா, பனலைக் களவெடுத்துப் போடுவாங்க எண்டு எண்ணிப் பாக்க வாறியா? நேத்தும் வந்தாய்."

நான் சிரித்தேன். அக்கா அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார்.

"நீங்க பூட்டினதெண்டபடியாத்தான் தம்பி, நான் இவரை இதுக்குக் கீழ விட்டுட்டு நிம்மதியாப் போறன்."

நாலாம் நாள் நான் சாப்பிடவில்லை. விரதம் என்று மனைவி நினைத்தாள். கோயில் வாசலில் நின்று, குளிர்த்தி வரைக்கும் பிடித்துக்கொள் தாயே என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை அந்த டக் மாறி, பலகையால் அடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. அக்கா வீட்டு வாசலிலேயே நின்று சேருக்குப் போன் எடுத்து, கீழ்வரிசை ஆடுகிறது என்றேன்.

"கோடு போட்டிருந்திச்சே அண்ணன்."

"போட்டன் சேர். இறுக்கல்ல."

சேர் மெதுவாகச் சொன்னார்.

"உங்கட கோயில் முறையில நான் வாய் வைக்கமாட்டன். முதல்ல அந்த மனிசனை அதுக்குக் கீழ இருந்து எடுங்க. வயர் உரசியிருக்கும், பனல் சுவிச்ச ஓஃப் பண்ணுங்க, பற்றரி பின்னேரம் வரைக்கும் மெசினை இழுக்கும். மிச்சத்த உங்கட கட்டாடியாரிட்டப் போய்க் கேளுங்க. ஆனா உண்மையச் சொல்லிக் கேளுங்க."

பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் கட்டிலை உள்ளே தூக்கினோம். சுவிச்சை இறக்கினேன். பின்னேரத்துக்குள் முடிக்காவிட்டால், அன்றைய கரண்ட் வெட்டில் மெசின் நிற்கும்.

4. கோயில் வாசலில்

அம்மனுக்குப் பூசை செய்கிற கட்டாடியார் என் மனைவியின் சின்னையா மகன். மற்ற நாட்களில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஊர்ச்சனம் நிறைய நின்றது, பரமேஸ்வரி அக்காவும் நின்றார். கட்டாடியாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தேன், அவர் வரவில்லை. இங்கேயே சொல் என்றார். சொன்னேன். கதவு திறப்புக்கு நேரமாகிவிட்டபடியால்தான் இப்படி வந்தது என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மாளைச் சாட்டாத மச்சான். பறை கேக்க முந்தியே நீ கோடு போட்டுட்டாய். சில்லு நட்டை இறுக்காமப் பெயின்ட் அடிச்சு நான் சைக்கிள் குடுத்தா, நீ ஏறுவியா?"

அதில் ஏறமாட்டேன் என்றேன்.

"போய்க் கூரையில ஏறு. உசிருக்காக ஏறுறவனை அவ கோவிக்கமாட்டா. தட்டாம ஏறு" என்று தலையில் மஞ்சள் நீர் தெளித்துவிட்டார்.

ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க ஏறினேன். ஓடு காலைச் சுட்டது. கீழ்வரிசையில் மூன்றாவது பனலின் ஒரு கிளாம்ப் கழன்று மழைத்தண்ணி ஓடும் பீலிக்குள் கிடந்தது. மற்றது பாதி வழுக்கியிருந்தது. பனலின் மூலை எழும்பி எழும்பி விழுந்து, கீழே போன வயரின் தோலை உரசியதில் செம்பு தெரிந்தது. கழன்று விழுந்த அந்தக் கிளாம்பின் போல்ட்டில் என் சிவப்புக் கோடு அழியாமல் இருந்தது. ஒவ்வொன்றாக இறுக்கினேன், வயரை மாற்றினேன், பழைய கோடுகளைத் தின்னர் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இறங்கும்போது நாலு மணி.

பரமேஸ்வரி அக்கா ஏணிக்குக் கீழே நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"கோவம் இல்ல தம்பி. ஆனா இனிமே நீங்க கோடு போட்டா, நான் வேற ஆளை ஏத்திப் பாப்பன்."

குளிர்த்தி முடிந்ததும் சொன்னபடியே வேறு ஆளை ஏற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குச் சர்வீசுக்கு நான் போனதில்லை. தங்கராசா அண்ணன் இன்னும் இரண்டு வருசம் அந்த மெசினோடு இருந்து, நோயில்தான் போனார். சேர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் கம்பனியில் இறுக்குகிறவர் ஒருவர், கோடு போடுகிறவர் இன்னொருவர். போடுகிறவர் தன் கையால் ரென்ச் வைத்துப் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

ஊரில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. அம்மாள் ஐந்து நாளும் பனலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றா என்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன், வேறு எது பிடித்திருக்கும். ஆனால் நான் விட்ட இடத்தைத்தான் அவ பிடிக்க வேண்டி வந்தது. உலகத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றப் போகிற சாமான் என்று சொல்லி நாங்கள் ஒரு பாரத்தை ஒருவரின் தலைக்கு மேலே ஏற்றிவைக்கிறோம். அதற்குக் கீழே அவர் நம்பிப் படுக்கிறார்.

வாசிக்கிற நீங்கள் இதை உங்களோடு கூரையேறுகிறவர்களுக்குக் கொடுங்கள். என் பிழையைக் குறைத்தும் சொல்ல வேண்டாம், அற்புதத்தைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். இறுக்க முந்திக் கோடு போட்டான் என்ற இடத்தை மட்டும் எவரும் மாற்றாமல், எழுதியபடியே சொல்லுங்கள்.