புகார் இல்லாத தெரு

மழைநீர் இறைக்கும் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவருக்குப் பம்பண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தலை நரைத்த நாள் வரை பள்ளத்தெருவில் தண்ணீர் தேங்க அவர் விட்டதில்லை. தேங்காத தண்ணீர் யார் கண்ணிலும் படாது. ஆகவே அவர் உழைப்பும் படவில்லை. அந்தத் தெருவில்தான் அவருடைய அக்கா, படுத்த படுக்கையாகிவிட்ட கணவரோடு குடியிருந்தாள்.

அந்த ஆண்டு பட்ஜெட் முறை மாறியது. செயல்பாட்டைப் பார்த்துத்தான் இனி நிதி. செயல்பாடு என்றால், தீர்த்துவைத்த புகார்களின் எண்ணிக்கை.

“உங்க நிலையத்துல ஒண்ணுகூடத் தீர்க்கலையே?” என்றார் கணக்கு அதிகாரி.

“புகாரே வரலைங்க சார்.”

“அதத்தான் நானும் சொல்றேன். வேலையே நடக்கல. இந்த மழைக்காலமும் இப்படியே போனா மூடிருவாங்க.”

அதிகாரி கெட்டவர் அல்லர். டீ வரவழைத்துக் கொடுத்த பிறகுதான் சொன்னார்.

நிலையத்தை மூடினால் அக்கா வீடு முழுகும். முழுகாமலிருக்க ஒருமுறை கொஞ்சம் நனைந்தால் தப்பில்லை என்று பம்பண்ணன் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அடுத்த பெருமழையில், பட்டப்பகலில், பம்பை நிறுத்தினார். நாலு பேர் அலுவலகத்தில் புகார் சொன்னதும் ஓட்டிவிடலாம்.

போன் அடித்தது, அவர் சட்டைப்பையில். தெரு மொத்தமும் அவரைத்தான் கூப்பிட்டது.

“ஆபீஸ் நம்பருக்குச் சொல்லுங்கம்மா.”

“நீங்க இருக்கறப்ப ஆபீஸ் எதுக்குண்ணே?”

கடைசியாக அக்கா. “தம்பி, தண்ணி கட்டில் வரைக்கும் வந்துருச்சுடா. மாமாவத் தூக்க ஆளில்ல.”

“ஆபீஸுக்கு ஒரே ஒரு புகார் குடுக்கா. உடனே ஓட்டிடறேன்.”

“கூடப்பொறந்தவன நானே போட்டுக் குடுப்பனா? உன் வேலைக்கு உலை வைக்க வேற ஆளப் பாரு.”

அவர் சுவிட்சைப் போட்டார். ஓடிக்கொண்டே இருந்து பழகிய கிழட்டு மோட்டார். ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி போட்டார். உறுமல்கூட இல்லை. மழையில் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் கட்டில் தண்ணீருக்குள் போயிருந்தது. மாமாவும்தான்.

அறிக்கை வந்தபோது பள்ளத்தெருப் புகார்கள் பூஜ்யம் என்றே இருந்தது. செத்தவர் புகார் கொடுக்கவில்லை. நிலையத்தை மூடிப் பூட்டினார்கள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் அக்கா இன்றும் சொல்கிறாள்: “மிஷின் கோளாறுங்க. எந்தம்பி மட்டும் இல்லைன்னா தெருவே போயிருக்கும்.”

பக்கத்தில் உட்கார்ந்து பம்பண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.