அம்மாவின் கையெழுத்து

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனாலும் அவளுக்கு அழகான கையெழுத்து ஒன்று இருந்தது. அதைப் போட்டு வந்தவள் நான்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்புப் படித்தபோது அது தொடங்கியது. கைநாட்டு என்றாலே தோட்டத்து ஆபீஸ் கிளாக்கருக்கு எரிச்சல். படிக்கிற பிள்ளையை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்லிப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேரின் கையெழுத்து அவர்களுடைய பிள்ளைகள் போட்டதுதான். யாருக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை. எனக்கோ பெருமை வேறு. வங்கிப் படிவம், அம்மா வேலையை விட்டு நின்றபோது சேமலாப நிதி விண்ணப்பம், அந்தப் பணத்தில் டவுன் ஓரமாக வாங்கிய வீட்டின் உறுதிப் பத்திரம், எல்லாவற்றிலும் என் கைதான்.

அந்த வீட்டைத்தான் அண்ணன் அம்மாவுக்குத் தெரியாமல் ஹட்டனில் ஒருவரிடம் ஈடு வைத்துக் கடன் வாங்கினான். ஈட்டு உறுதியில் அம்மாவின் கையெழுத்து, நான் போடும் கடைசிச் சுழி கூடப் பிசகாமல் இருந்தது. பாவி, உட்கார்ந்து எழுதிப் பழகியிருக்கிறான். ஈடு பிடித்தவர் வீட்டை விற்கக் கேட்டு வழக்குப் போட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

கையெழுத்துப் பொய் என்று நிரூபித்தால் ஈடு செல்லாது என்றார் சட்டத்தரணி. ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவின் பழைய கையெழுத்துகளைக் கேட்டார். கொண்டுபோனதையெல்லாம் மேசையில் பரப்பினேன். ஈட்டு உறுதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து அம்மாவிடம் கேட்டார்.

“இதுல எதும்மா நீங்க போட்டது?”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. எனக்குக் கைநாட்டுதான்.”

அதையே நீதிமன்றத்தில் சொல்லலாம் என்றார் அவர். ஆனால் மற்றதையெல்லாம் போட்டது நான்தான் என்று நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நான் அரசாங்கப் பள்ளிக்கூட டீச்சர். வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார். கடதாசிகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் கூண்டில் ஏறவில்லை. வழக்கில் தோற்றோம். வீட்டைக் காலி பண்ணின அன்று நான் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சட்டி பானைகளை மூட்டை கட்டினேன். அம்மாவை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். சித்தியின் லயத்துக்கே போகிறாளாம். அவனை விட நான் என்ன கெட்டவளா என்று கேட்டுவிட்டேன்.

அம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

“அவன் எனக்குத் தெரியாம செஞ்சான். நீ என் கண்ணு முன்னாடி செஞ்ச.”