நீலப் பெயிண்டுக்குள் மரக்காளான்

ஆயுத பூஜைக்கு முதலாளி வருகிறார் என்றால் எங்கள் கம்பெனியில் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார்கள். கதவு, தள்ளுவண்டி, கடைசியில் பின்பக்கம் அடுக்கிக் கிடக்கும் மரத்துக்கும். 1991இல் மிச்சமிருந்தது மெஷினுக்கு அடிக்கும் நீலம். மரம் என்பது, வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வந்த பெட்டிகளைப் பிரித்து வைத்த பைன் கட்டைகள். மழையிலும் வெயிலிலும் கிடந்த அவற்றை அறுத்துத்தான் எங்கள் சரக்குப் பெட்டிகளுக்கு அடிச்சட்டம் போட்டோம்.

நான் தாவரவியல் படித்து, மரச் சோதனையில் பயிற்சி முடித்து, அங்கே தரப் பரிசோதனையில் சேர்ந்திருந்தேன். பூஜைக்கு முந்தின நாள் கட்டைகளிலிருந்து எதையோ உளியால் சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காம்பு இல்லை, பக்கவாட்டில் ஒட்டி வளர்ந்த விசிறி. மேலே துரு நிறம், வளையம் வளையமாக. தோல்போல வளைந்தது. புரட்டினால், துளைக்காளான் குடும்பமாக இருந்தும் துளைகளுக்குப் பதில் நீளநீளமான மடிப்புகள். உள்சதை பழுப்பு, பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் கறுத்துப்போனது. க்ளியோஃபில்லம் என்ற மரக்காளான். மடிப்புகளை நம்பி ஒரு காலத்தில் இதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார்கள். சதையின் நிறமும் அது மரத்தை அழிக்கும் விதமும் வேறு என்பதால் பிரித்தெடுத்தார்கள்.

அழிக்கும் விதம்தான் முக்கியம். மரத்துக்கு வலுக்கொடுக்கும் நாரைத் தின்றுவிட்டுப் பழுப்புச் சக்கையை மட்டும் விட்டுவைக்கும். வெயிலில் காய்ந்தாலும் சாகாது. ஈரம் பட்டதும் மறுபடி தொடங்கும்.

மேனேஜரிடம் சொன்னேன். "சார், இது வெளியில தெரியறது காய் மாதிரி. செடி உள்ள இருக்கு. சுரண்டினா போகாது. இந்தக் கட்டையெல்லாம் ஒதுக்கணும்."

"காளான்தானம்மா? சாம்பார்ல போடறதா இது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பெயிண்ட்டு அடிச்சா மூச்சு முட்டி செத்துடும். போய் பொரி கடலை கட்டுற வேலையப் பாருங்க."

நீலத்தின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். முதலாளி வந்து பார்த்து, யார்டு சுத்தமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பெட்டியை கிரேனில் தூக்கும்போது அடிச்சட்டம் முறிந்தது. பெட்டி சாய்ந்து, கயிறு கட்டுகிற அண்ணனின் கால்மேல் இறங்கியது. பென்னலூர்க்காரர். வீட்டில் அவர் ஒருவர்தான் வேலைக்குப் போகிறவர். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவருக்கு மெமோ போனது: கயிற்றைத் தப்பாகக் கட்டியதால் விபத்து, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?

விபத்து நடந்த நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, மரம் நன்றாக இருந்ததாக எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். நான் முறிந்த சட்டத்தை அவர் அறைக்குத் தூக்கிவரச் செய்தேன். என் சைக்கிள் சாவியை நீலத்தின்மேல் வைத்து அழுத்தினேன். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. பெயிண்ட் தோல் உரிந்தது. உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்த பழுப்பு மரம் மேஜையில் உதிர்ந்தது.

"ஒடஞ்சப்புறம் அழுகியிருக்கும்" என்றார்.

"நாலு நாள்ல இப்படி அழுகாது சார். மாசக்கணக்காகும்."

"அப்ப காளான்னே எழுதுங்க" என்றார் சட்டென்று. அந்த வேகம் எனக்கு அப்போது புரியவில்லை.

எழுதினேன். விசிறி வடிவம், மடிப்புகள், பழுப்புச் சதை, பழுப்பு அழுகல் எல்லாவற்றையும் வரிசையாக. கடைசியில் ஒரு வாக்கியம்: இந்தக் காளான் தன்னைத் தானே சுரண்டிக்கொள்ளாது, தன்மேல் பெயிண்டும் அடித்துக்கொள்ளாது. முதலாளிக்குப் போன அறிக்கையில் அந்த வாக்கியம் மட்டும் இல்லை. 'இயற்கைக் காரணம், யார்மீதும் தவறில்லை' என்று முடித்திருந்தார்கள். நான் படித்த வகைப்பாடு முழுவதும் மேனேஜரைத் தப்பவைக்கத்தான் உதவியது. இப்போது எழுதும்போதும் தாடை இறுகுகிறது.

மெமோவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்த அன்று, கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தினார்.

"மேடம், அந்தக் காளானு பேரு இன்னா சொன்னீங்க? கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போறேன். அது பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிடலாம்னு கீறேன். வேலைய காப்பாத்திச்சே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க கால ஒடைச்சது காளான் இல்லண்ணே. அதுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவரு."

அவர் மேனேஜர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தெரியும் மேடம். அந்தப் பேரச் சொன்னா மறுபடி மெமோ வரும். காளான் பேரையே சொல்லுங்க."