பின் அச்சுக்கு இட்ட பொட்டு

பேகம்பூரில் மோட்டார் ஷெட் வைத்திருந்த நூர் அகமது வாழ்நாளில் அஞ்சியது இருவருக்கு: இறைவனுக்கும், மாமனார் சேக் பரீதுக்கும். இறைவன் மன்னிக்கக்கூடியவன். ஆகவே நடைமுறையில் ஒருவருக்குத்தான்.

மாமனாருக்குத் தெருமுனையில் தோல் அடுக்கிவைக்கும் கிட்டங்கி இருந்தது. "என்னைக்கு ஷெட்டு படுத்தாலும் தோலுக்கு உப்புப் போட வந்துருங்க மாப்ளே" என்று நிக்காஹ் நாளிலேயே வாழ்த்தியவர் அவர்.

1958, ஆயுத பூசை கழிந்த வாரம். டாக்சிக்காரர் பொம்மையன் தம் கறுப்புக் காரைக் கொண்டுவந்தார். பின்சக்கரம் உறுமியது, அதன் உட்பக்கம் எண்ணெய் வழிந்தது. நூர் அகமது டிரம்மைக் கழற்றி, அச்சுத்தண்டை உருவி, தேய்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதியதை இறக்கினார். எண்ணெயைத் தடுக்கும் சீலையும் புதிதாக அமர்த்தினார். பிறகு, தேவையே இல்லாமல், "இனி ஒரு சொட்டு வெளிய வந்தா ஷெட்டை மூடிடுறேன்" என்றார்.

இப்படிப்பட்ட சொற்களை ஊர் மறப்பதேயில்லை.

உறுமல் நின்றது. எண்ணெய் நிற்கவில்லை. ஒட்டன்சத்திரம் போய்வந்த கார், பிரேக்கில் எண்ணெய் ஏறியதால், ஷெட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. மறுபடி சீல் மாற்றினார். இப்போது அடுத்த சக்கரமும் சேர்ந்து அழுதது.

"என்ன பாய், தீவாளிக்கு முன்னாடியே சக்கரம் எண்ணெய் தேச்சுக் குளிக்குது?" என்றார் டாக்சி ஸ்டாண்டிலிருந்த டிரைவர் சங்கிலி.

மாமனாரே நேரில் வந்தார். "ரப்பரைப் போயி நம்புறீங்க! தோல்ல வளையம் வெட்டித் தாரேன். அதுவும் வேணாம்னா, வெள்ளிக்கிழமை தொழுதுட்டுக் கிட்டங்கிக்கு வந்துருங்க."

மனைவி நஜ்முன்னிசா கிட்டங்கி வேலைக்கு ஆகுமென்று பழைய கைலி ஒன்றைத் தனியே மடித்து வைத்தார்.

வியாழனன்று கார் வேடசந்தூர் போய்ச் சூடாகத் திரும்பியது. நூர் அகமது பாய் விரித்து அடியில் படுத்து, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகுமூடியைத் தளர்த்தினார். 'புஸ்'ஸென்று காற்று சீறியது. அச்சுக்கூட்டின் மேல், சூடான காற்று வெளியேற ஒரு சிறு துளை உண்டு. தடவிப் பார்த்தார், துளை இல்லை. காய்ந்த சந்தனமும் நடுவே குங்குமமும் இருந்தன. வழியில்லாத காற்று, எண்ணெயைச் சீல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்பு, இங்க யாரு பொட்டு வச்சது?" என்று பொம்மையனைக் கேட்டார்.

"நான்தான் பாய். போன வருசம் மேல மட்டும் வச்சேன். பழனி ரோட்டுல பஞ்சர். அதான் இந்தப் பூசைக்கு அடியிலயும் வச்சேன். சாமி அடியிலயும்ல இருக்கு!"

"வண்டி மூச்சு விடுற ஓட்டைய அடைச்சுப்புட்டீகளே! நோண்டணும்."

"சாமிக்கு வச்சத நோண்டுறதா? கைய எடுங்க மொத!"

நூர் அகமது காருக்கடியில் படுத்தபடியே கையை எடுத்தார். தலைக்கு மேல் சந்தனம், தெருமுனையில் கிட்டங்கி.

"தர்கா சந்தனக்கூட்டுக்குச் சந்தனம் அரைச்ச கை இது. அழிக்கல அப்பு. எடம் மாத்தி வைக்கிறேன்."

பொம்மையன் யோசித்தார். "கோணாம வைக்கணும்."

புதுச் சந்தனம் வந்தது. பொட்டு இரண்டு விரல்கடை தள்ளிக் குடியேறியது. துளையில் ஊசி போய்வந்தது. சீல்கள் மறுபடி புதிதாயின.

வெள்ளிக்கிழமை கார் பழனி போய்வந்தது. தொழுகை முடிந்து வந்த மாமனார், வெள்ளை ஜிப்பாவோடு குனிந்து சக்கரத்தின் உட்பக்கம் விரலை ஓட்டினார், முகர்ந்தார். புழுதிதான். "தோலா இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கிட்டங்கிக்கு நடந்தார்.

அதன்பின் ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு ஸ்டாண்டின் டாக்சிகளெல்லாம் ஷெட் வாசலில் வரிசை கட்டின. பின் அச்சுக்குப் பொட்டு வைக்கும் உரிமை நூர் அகமதுக்கே என்று முடிவாயிற்று. ஒவ்வொரு காரின் அடியிலும் மல்லாந்து படுத்து, துளையை விட்டுத் தள்ளி, கோணாமல் வைத்தார். கைச் சந்தனத்தைத் துடைத்துக்கொள்ள அந்தப் பழைய கைலி இருந்தது.