மணிலாக்காரரின் இடது கை

குத்துச்சண்டையைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எவன் பெரியவன், எவன் உச்சத்தில் இருந்தபோது எவனை வீழ்த்தியிருப்பான் என்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசுவார்கள். ஒரு குத்தைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த ரகத்தை நான் மலாயாவில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்போம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேர் போட்டால் அன்றைக்கு வேலை. போடாவிட்டால் திரும்பி எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு நடக்க வேண்டியதுதான். அந்தக் கிராணிக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம். ரப்பர் பாலை எடை போட்டு முடிந்ததும் ஸ்டோர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நாங்கள் பன்னிரண்டு பேர் சுற்றி நிற்போம். அவர் சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். இதற்குப் பெயர் விவாதமாம்.

எங்கள் ஆட்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டிப் படத்தில் முறைத்துக்கொண்டிருந்த மீசைக்காரன்தான் உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டைக்காரன் என்று ஒருவர் பல மாதம் சாதித்தார். கங்காணியோ, வெள்ளைக்காரனை யாராலும் அடிக்க முடியாது என்பார், துரை காதில் விழட்டும் என்று. கிராணியின் தெய்வம் ஒரு மணிலாக்காரர். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டி ஆபீசில் வைத்திருந்தார். படத்தில் குத்த நீட்டிய கை, எதிரே நின்று பார்க்கிறவருடைய வலது பக்கமாகத் தெரியும். ஆகவே அது வலது கை என்று அந்த மேதாவி முடிவு கட்டிவிட்டார்.

அது இடது கை. எனக்குத் தெரியும். மாமாவோடு சிங்கப்பூர் போனபோது, கேளிக்கைப் பூங்காவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த மணிலாக்காரரின் சண்டையைப் பார்த்திருக்கிறேன். இடது கை வந்ததுதான் தெரியும், எதிராளி அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டான். இதை லயத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். கிராணி முன்னால் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

அப்போதுதான் பத்து பாகாட் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். சப்பை மூக்கு, அதிகம் பேசாத மனிதர். மனைவிக்கு நிறைமாதம். முன்பு சிங்கப்பூரில் குத்துச்சண்டைக்காரர்களின் பயிற்சிக்கு எதிரே நின்று அடி வாங்குவதுதான் அவர் பிழைப்பு.

வந்த மூன்றாம் நாள், கிராணி நாற்காலியைவிட்டு எழுந்து காற்றில் குத்தினார். "மணிலாக்காரனோட வலது கை இருக்கே, இடிடா அது!"

புதியவர் வெள்ளந்தியாகச் சொன்னார். "வலது இல்லைங்கய்யா, இடது. அந்த இடதுலதான் என் மூக்கு போச்சு."

கிராணியின் முகம் கறுத்தது.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அய்யய்யோ, இல்லைங்கய்யா. வாங்கினவன் நான், அதான் சொன்னேன்."

கிராணி ஆபீசுக்குள் போய்ப் படத்தை எடுத்து வந்தார். "எல்லாரும் பாத்துச் சொல்லுங்கடா. இவன் புளுகுறான்னு ஆச்சுன்னா நாளைக்கு இவனுக்குப் பேர் கிடையாது. லயத்தையும் காலி பண்ணிட்டுப் போகட்டும்."

படம் கை மாறிக்கொண்டே போனது. கங்காணி அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "வலதுதாங்கய்யா, சந்தேகமே இல்ல" என்றார். "பச்சப்புள்ளகூடச் சொல்லும்" என்றார் தீப்பெட்டிக்காரர். சோறு தின்கிற கை எது என்று தெரிந்த மனிதர்கள்தான் எல்லாரும். ஒருத்தர் விடாமல் வலது என்றார்கள். தூ!

கடைசியில் படம் என்னிடம் வந்தது. "டே, நீதான் சிங்கப்பூர் போய்ப் பாத்தேன்னு பீத்திக்கிட்டுத் திரியிறியாமே. சொல்லு."

புதியவரின் முகம் மலர்ந்துவிட்டது. என்னையே பார்த்தார். தூரத்தில் குழாயடியில் அவர் மனைவி வாளியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பேர் போனால் எங்காவது மூட்டை தூக்கிப் பிழைத்திருப்பேன். அப்படியும் கிராணியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"வலதுதாங்கய்யா" என்றேன்.

மறுநாள் பெரட்டில் கிராணி புதியவர் பேரைத் தாண்டிப் போனார். வெயில் ஏறுவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தகரப் பெட்டி, ஒரு பாயோடு கிளம்பிவிட்டார்கள். அன்றைக்குப் பாலுக்கு மரம் சீவப் போகாமல் நான் லயத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, நீ நெசமாவே அந்தச் சண்டையப் பாத்தியா?"

"இல்லண்ணே. சும்மா பீத்திக்கிட்டேன்."

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. என் தோளைத் தட்டினார்.

"அதானே. பாத்திருந்தா சொல்லியிருப்ப."